மண்டபம் நம்மது, விதி மட்டும் அவங்களதா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. படிச்ச பிறகு என்னைத் திட்டணும்னு தோணினா தாராளமா திட்டுங்க. படிக்காம மட்டும் திட்டாதீங்க.

விஷயம் இதுதான். அனைத்துலக அளவில் நடக்கும் ஒரு கர்நாடக சங்கீதப் பாட்டுப் போட்டியின் மலேசியத் தகுதிச் சுற்றை நம் ஆலய மண்டபத்தில் நடத்தக் கேட்டிருக்கிறார்கள். வாடகை இல்லாமல். பதாகையில் ஆலயத்தின் பெயரைப் போடுவார்களாம். அதுவே நமக்குப் பெருமையாம். நிர்வாகத்தில் பலருக்குச் சம்மதம். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு எடுக்கப் போகிறார்கள்.

போட்டியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எனக்கு எந்த ஆளோடும் பகை இல்லை. என் சண்டை அவர்கள் அனுப்பிய ஒன்பது பக்க விதிமுறையோடுதான். நான் அதை மூன்று தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை கையைத் தூக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது படிச்சீங்க? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். சரி. காணொளியை ஒரே மூச்சில் எடுக்கணும், வெட்டி ஒட்டக் கூடாது, முகமும் தாளம் போடும் கையும் தெரியணும் என்கிறார்கள். ரொம்பச் சரி. சுருதிப் பெட்டி மட்டும் வைத்துக்கொள்ளலாம், குரலைச் சரி செய்யும் மென்பொருள் எதுவும் கூடாது. இதுவும் சரி. இந்த விதிகளை எழுதியவருக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

நான் இருபத்தேழு வருஷமா தொழிற்சாலையில் வேலை செய்யறவன். எங்க லைன்ல ஒரு பாகத்தில் துளை சரியா இருக்கான்னு பார்க்க கேஜ் வெச்சிருப்போம். கேஜ் உள்ள போச்சுன்னா பாஸ், போகலைன்னா ரிஜெக்ட். அந்தப் பாகம் எந்த லாரியில வந்துச்சு, பெட்டி என்ன நிறம்னு பார்த்து ரிஜெக்ட் பண்ணினா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. நான் மேலே சொன்ன விதிகள் எல்லாம் குரலை அளக்குற கேஜ். இனிமே சொல்லப் போற நாலு விதியும் லாரியையும் பெட்டியையும் பார்க்குற விதிகள். பிள்ளை வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அது பாடகியா இல்லையான்னு முடிவு பண்ணிடுற விதிகள்.

முதலாவது, கட்டணம்.

ஒரு பிள்ளைக்கு 80 அமெரிக்க டாலர். நம்ம காசுக்கு முந்நூறு வெள்ளிக்கு மேலே. தேர்வாகாவிட்டாலும் திருப்பித் தர மாட்டார்கள். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். என் லைனில் நிற்கும் அம்மாக்கள் பல பேர் அந்தச் சம்பளத்தோடு ஓவர்டைம் சேர்த்துத்தான் குடும்பம் நடத்துறாங்க. வீட்டு வாடகை, மோட்டார் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் போக, ஒரே ஒரு காணொளியை அனுப்ப முந்நூறு வெள்ளிக்கு எங்கே போவாங்க?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பற்றி நம்ம ஓதுவார் ஐயா பல தடவை சொல்லியிருக்கிறார். ராஜராஜ சோழன் அங்கே திருப்பதிகம் பாட 48 பேரையும், அவர்களோடு உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க இரண்டு பேரையும், ஆக 50 பேரை நியமித்தான். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பாடுறவனுக்குக் கோயில் நெல் அளந்தது. இன்றைக்குக் கோயில் மண்டபத்திலேயே உட்கார்ந்துகொண்டு பாடுற பிள்ளையிடம் காசு வசூலிக்கலாம் என்கிறார்கள். அதுக்கு நாம மண்டபத்தையும் இலவசமா கொடுக்கணுமாம்!

நடுவர் வரணும், ஒலிபெருக்கி வைக்கணும், செலவு இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, இல்லைங்கல. நம் ஆலயத் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு உபயகாரர் செலவை ஏற்றுக்கொள்கிறாரா இல்லையா? வர்ற ஆயிரம் பேருக்கும் அன்னதானம் போடுறோம், வாசலில் நின்னு டிக்கெட்டா விக்கிறோம்? இந்தப் போட்டிக்கும் உபயம் தேடலாம். நானே முதல் ஆளா வரேன்.

வெற்றி பெற்றாலும் கதை முடியவில்லை. இறுதிச் சுற்று வெளிநாட்டில். விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சொந்தச் செலவு. பெல்ஜியத்தில் எலிசபெத் மகாராணி பெயரில் ஓர் இசைப் போட்டி நடக்கிறது. 1988இலிருந்து பாட்டுக்கும் நடத்துகிறார்கள். உலகத்தின் பெரிய போட்டிகளில் ஒன்று. அங்கே போட்டியாளர்களை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்கின்றன. வெள்ளைக்காரன் செய்யும் விருந்தோம்பலை, விருந்தோம்பலுக்கு அதிகாரமே எழுதி வைத்த நம்ம ஆளுங்க செய்ய முடியாதா?

இரண்டாவது, குருவின் கடிதம்.

பட்டயமோ பட்டமோ பெற்ற, அல்லது 'அங்கீகரிக்கப்பட்ட பரம்பரையில் வந்த' குருவிடமிருந்து கடிதம் வேண்டுமாம். யார் அங்கீகரிப்பது? அது ஒன்பது பக்கத்திலும் இல்லை. ஞாயிறு காலையில் நம் ஆலயத்தில் தேவார வகுப்பு எடுக்கும் ஐயா ஓதுவார் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். அவர் கடிதம் செல்லுமா என்று நானே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். 'கர்நாடக சங்கீத ஆசிரியர் மட்டுமே' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

இங்கே ஒன்றை நினைத்துப் பாருங்கள். தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் அரசனும் மீட்ட பிறகு, பாட்டு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அந்தப் பண்ணை யார் வகுத்துக் கொடுத்தது? திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த, திருஎருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அந்த அம்மாவிடம் யாராவது பட்டயம் கேட்டிருந்தால் இன்றைக்கு நம்மிடம் ஒரு பண்ணும் இருந்திருக்காது. அவரைப் பாடச் சொன்னார்கள், கேட்டார்கள், ஏற்றுக்கொண்டார்கள். அதுதாங்க தேர்வு.

மூன்றாவது, பாட்டுப் பட்டியல். எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் இதில்தான்.

முதன்மைப் பாடல் சங்கீத மும்மூர்த்திகளின் கிருதியாகத்தான் இருக்கணும். தமிழ்ப் பாட்டைக் கடைசியில் துக்கடாவாக மூன்று நிமிடத்துக்குள் பாடிக்கொள்ளலாம். தேவாரம், திருவாசகம், திருப்புகழ் 'போட்டிக்குரிய உருப்படிகள் அல்ல'. அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

உடனே என்னைத் தெலுங்குக்கு எதிரி, சமஸ்கிருதத்துக்கு எதிரின்னு ஆரம்பிச்சிடாதீங்க. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்தது திருவாரூர். சுந்தரர் பாடிய அதே ஊர். மூவரும் நம்ம சொத்து. அவங்களைப் பாட வேண்டாம்னு நான் சொல்லல. அவங்களை மட்டும்தான் பாடணும்னு சொல்றதைத்தான் கேட்கிறேன்.

கீர்த்தனை தமிழில் இல்லையா? சீர்காழி மூவரான முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை தமிழில் கீர்த்தனை செய்தார்கள். கவிராயர் பிறந்தது 1711. தியாகராஜர் பிறந்தது 1767. முன்னால் பிறந்தவர் துக்கடா, பின்னால் பிறந்தவர் உருப்படியா? இந்தச் சண்டையெல்லாம் புதுசும் இல்லை. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டியதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியதும் இதே காரணத்துக்குத்தான். எண்பது வருஷம் கழிச்சு மலேசியாவில், அதுவும் ஒரு சிவன் கோயில் மண்டபத்தில், அதே வரியை எழுதி நீட்டுறாங்க.

தேவாரத்தில் என்ன சங்கீதம் இருக்கு, சும்மா ராகமா இழுப்பதுதானேன்னு சில பேர் நினைக்கிறாங்க. விதிமுறையின் ஆறாம் பக்கத்தில், 12 முதல் 15 வயதுப் பிரிவுக்குப் பத்து ராகங்கள் கொடுத்திருக்கிறார்கள். நடுவர் எதைக் கேட்டாலும் கொஞ்சம் ஆலாபனை செய்து காட்டணும். அதில் காம்போதி, பைரவி, சங்கராபரணம், பந்துவராளி, கேதாரகௌளை எல்லாம் இருக்கின்றன. நம்ம வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்க. தக்கராகம் என்று அவர்கள் பாடுவது காம்போதி. கௌசிகம் பைரவி. பழம்பஞ்சுரம் சங்கராபரணம். சாதாரி பந்துவராளி. காந்தார பஞ்சமம் கேதாரகௌளை. பத்தில் ஐந்து ராகம் அவங்க தொண்டையில் ஏற்கெனவே இருக்கு. பேர்தான் வேற.

தாளம் இல்லையே என்றால், அதுவும் தவறு. தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம், தாளம் இல்லாமல் பாடுவது சுத்தாங்கம். இரண்டும் ஓதுவார் மரபில் உண்டு. போட்டிக்குத் தாளம் வேணும்னா பண்ணாங்கமா பாடச் சொல்லுங்க, முடிஞ்சது விஷயம்.

நம்ம வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கு. பதினாலு வயசு. அதோட அம்மா நைட் ஷிப்ட் பார்க்கிறவங்க. அந்தப் பிள்ளை சாயரட்சை பூஜையில் பதிகம் பாடும்போது, கோபுர வாசலில் பேசிக்கிட்டு நிக்கிறவங்க கூட உள்ளே வந்து நிப்பாங்க. நீங்களே பார்த்திருக்கீங்க. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவில் வட்டாரத்தைத் தாண்டி மாநிலம் வரைக்கும் போன பிள்ளை. இந்த ஒன்பது பக்கத்தின்படி அது பாடகியே இல்லை. காசு இல்லை, கடிதம் இல்லை, பட்டியலில் அதோட பாட்டு இல்லை. பாடிக் காட்டித் தோத்துப்போனா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பாடவே விடலைன்னாத்தான் பேசுறேன்.

நான்காவது, நடுவர்.

நடுவரின் சொந்த மாணவர்கள் போட்டியில் கலந்துகொள்ளலாமா என்று தேடிப் பார்த்தேன். தடை எதுவும் இல்லை. ஆனால் 'தயார்ப்படுத்தும் பயிலரங்கு' என்று ஆறு வாரத்துக்கு இணைய வகுப்பு உண்டு. கட்டணம் தனி. அதை நடத்துவது யார்? அதே நடுவர்கள்தான். மேல்நாட்டுப் போட்டிகள் பலவற்றில் நடுவர் தன் மாணவருக்கு மதிப்பெண் போடக் கூடாது என்று விதியே இருக்கிறது. எங்க தொழிற்சாலையில் கூட, பொருளைச் செய்தவனே அதற்குக் கியூசி கையெழுத்துப் போட முடியாது. இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், என்னோட எஸ்.பி.எம். போதும்.

இதன் விளைவு இப்பவே தெரியுது. போன வருஷம் ஞாயிறு வகுப்பில் 22 பிள்ளைகள். இப்போ 13. பெற்றோர் என்னிடம் சொன்ன காரணம், 'தேவாரம் படிச்சா எந்தப் போட்டிக்கும் போக முடியாதாம் அண்ணா.' அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. பிள்ளைக்கு ஒரு மேடை கிடைக்கணும்னு எந்தத் தாய்தான் நினைக்க மாட்டா? நாமளே மண்டபத்தைத் திறந்துவிட்டு, நம்ம வகுப்பு ஒண்ணுக்கும் உதவாதுன்னு பதாகை கட்டினா, அடுத்த வருஷம் அந்த 13 எத்தனை ஆகும்?

வரப்போகும் பதில்களும் எனக்குத் தெரியும்.

'தரம் குறைஞ்சிடும்.' தரத்தை மேடையில் அளங்க. வாசலில் அளக்காதீங்க. குரல் சரியில்லைன்னா பூஜ்யம் போடுங்க.

'தேவாரம் பக்திக்கு, போட்டிக்கு இல்லை.' தியாகராஜர் பாடியது மட்டும் எதுக்கு? அரசவை அழைப்பை வேண்டாம் என்று சொல்லி, உஞ்சவிருத்தி எடுத்து, ராமனை நினைத்துப் பாடிய மகான் என்றுதான் அவர் வரலாறு சொல்கிறது. இன்றைக்கு அவர் வந்தால் 80 டாலர் கட்ட அவரிடமே இருக்காது.

'அவங்க போட்டி, அவங்க விதி.' ஒத்துக்கிறேன். அப்போ கல்யாணத்துக்கு எல்லாரும் கட்டுற வாடகையைக் கட்டிட்டு நடத்தட்டும். ஆலயத்தின் பெயர் பதாகையில் வேண்டாம். பெயர் வேணும், இலவசமா மண்டபம் வேணும்னா, இந்த நாலையும் எழுத்துல தரட்டும்:

1. மலேசியச் சுற்றுக்குக் கட்டணம் இல்லை. செலவுக்கு உபயம் பிடிப்போம்.

2. குரு கடிதம் வேண்டாம். கேட்டே தீரணும் என்றால் ஓதுவார் கடிதமும் செல்லும்.

3. தமிழ்க் கீர்த்தனையும் பண்ணாங்கத் தேவாரமும் முதன்மைப் பாடலாக ஏற்கப்படும்.

4. நடுவர் தன்னிடம் படிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் போடக் கூடாது. பயிலரங்கு நடத்துபவர் நடுவராக உட்காரக் கூடாது.

இதில் எதுவும் அவங்களால முடியாத காரியம் இல்லை. மனசு இருந்தா ஒரு பக்கத்தில் திருத்தி அனுப்பலாம்.

ஆலய உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள். ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டம். அன்னதானத்துக்கு வர்ற மாதிரி பன்னிரண்டு மணிக்கு வந்து, 'என்ன முடிவாச்சு?'ன்னு கேக்காதீங்க. உறுப்பினர் அட்டையோட நேரத்துக்கு வாங்க. விதிமுறையின் பிரதி ஆலய அலுவலகத்தில் இருக்கு, கேட்டு வாங்கிப் படிங்க. நான் சொன்னதில் தப்பு இருந்தா கூட்டத்திலேயே எழுந்து சொல்லுங்க, பதில் சொல்றேன். தேவார வகுப்புப் பெற்றோர் கட்டாயம் வரணும், உங்க பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க.

சரின்னு படுறவங்க பகிருங்க.

திருச்சிற்றம்பலம்.