கெமராவும் தலையாட்டியும்

மாத்தளை மாவட்டத்து ரத்தோட்டைப் பக்கம் ஒரு லயத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் 'இந்தியன்' ஓடிக்கொண்டிருந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் போராடிய கிழவர், இலஞ்சம் வாங்கிய ஒருவனை முடித்துவிட்டு நிதானமாக நடந்து போகிறார். தேத்தண்ணி தந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இப்படி ஒரு ஆமிக்காரன் வந்தாத்தான் தம்பி நம்ம கந்தோரெல்லாம் திருந்தும்." மகனின் பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த ஒரு கந்தோருக்கு அவர் ஐந்து தடவை அலைந்திருக்கிறார். கடைசியில் 'சந்தோஷம்' கொடுத்த பிறகுதான் கடதாசி நகர்ந்ததாம். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஆமிக்காரரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஷங்கர் இயக்க, சுஜாதா வசனம் எழுத, கமல்ஹாசன் நடித்த 'இந்தியன்' 1996 மே 9 அன்று வெளியானது. தமிழ்நாட்டு மக்கள் ஊழல் குற்றச்சாட்டுகளில் வெறுத்துப்போய் வாக்களித்து முடித்திருந்த வாரம் அது. படத்தில் சேனாபதி என்ற அந்தக் கிழவரின் மகள் தீக்காயத்தோடு கிடக்கிறாள். பணம் வைக்காமல் வைத்தியம் நடக்கவில்லை, அவள் இறந்துபோகிறாள். பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்கு மகன் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிறான், பிள்ளைகள் சாகிறார்கள். அந்த மகனையும் தகப்பன் விட்டுவைப்பதில்லை.

கொலை செய்யும் மனிதரை நாம் ஏன் கைதட்டி வரவேற்கிறோம்? காசு கைமாறியதை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம், அதனால்தான். சேனாபதிக்குப் புலனாய்வு வேண்டாம், சாட்சிக்கூண்டு வேண்டாம், மேன்முறையீடு வேண்டாம். கெமரா முன்கூட்டியே எல்லாவற்றையும் காட்டிவிட்டது. தீர்ப்பில் பிழை வர வழியே இல்லாத ஓர் உலகத்தை டைரக்டர் நமக்குக் கட்டித்தருகிறார். அந்த உலகத்தில் கத்தி எப்போதும் சரியான ஆளிடம்தான் போகும்.

நிஜத்தில் கெமரா இல்லை. அதன் இடத்தில் யார் வந்து நின்றார்கள் என்பதை மாத்தளை பார்த்திருக்கிறது.

1987 முதல் 1989 வரை இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் கிளர்ச்சியும் அதை ஒடுக்கிய அரச படையும் தென்னிலங்கைக் கிராமங்களையும் மாத்தளை போன்ற இடங்களையும் பிணக்காடாக்கின. இரண்டு பக்கமும் கொன்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. யார் குற்றவாளி என்று எப்படித் தெரிந்தது? முகத்தில் சாக்கு போட்ட ஒருவன் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். சிங்களத்தில் அவனுக்குப் பெயர் கோனி பில்லா. வடக்கில் நம் ஆட்கள் தலையாட்டி என்றார்கள். பழைய காணிச் சண்டையோ காதல் பகையோ அந்தச் சாக்குக்குள் இருந்தாலும் வெளியே தெரியாது. கையெழுத்தில்லாத ஒரு பெட்டிசம்கூடப் போதுமாயிருந்தது.

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிரிவாயுக் குழி ஒன்றுக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. நீதவானின் மேற்பார்வையில் தோண்டத் தோண்ட 150க்கும் அதிகமானோரின் எச்சங்கள். அவை 1986–1990 காலத்தவை என்று தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ அறிக்கை கொடுத்தார். வெளிநாட்டு ஆய்வுகூட முடிவை வைத்து, அவை 1950க்கு முந்தியவை என்று பிறகு சொல்லப்பட்டது. பிள்ளையைத் தொலைத்துவிட்டு அந்தக் குழியருகே வந்து நின்ற தாய்மாருக்கு இன்றுவரை தெளிவான பதில் இல்லை. விசாரிக்காமல் கொடுத்த தண்டனையைப் பிறகு விசாரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அந்தக் குழியே போதும்.

அவசரத் தண்டனை மாத்தளைக்குப் புதிதுமில்லை. 1848இல் இதே மாத்தளையில் வரிக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. வெள்ளையர்கள் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு அந்த ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். இராணுவ நீதிமன்றங்களின் அவசரம் லண்டன் பாராளுமன்றம் வரை விசாரணைக்குப் போய், ஆளுநர் டொரிங்டன் பதவியைவிட்டுப் போகவேண்டி வந்தது.

மறுபடி ஜே.வி.பி. காலத்துக்கு வருவோம். 1989இல் மாத்தளை மாவட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த இராணுவ இணைப்பதிகாரி லெப்டினன்ட் கேர்ணல் கோட்டாபய ராஜபக்ஷ. முப்பது வருஷம் கழித்து, 2019 நவம்பரில், அவர் ஜனாதிபதியானார். அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நிற்காதவர் என்பதே அவருக்குப் பெரிய தகுதியாகச் சொல்லப்பட்டது. அரசியல்வாதி கெடுப்பான், ஆமிக்காரன் ஒழுங்குபடுத்துவான் என்ற சினிமாக் கதையை அறுபத்தொன்பது லட்சம் பேர் வாக்குச்சீட்டில் எழுதினார்கள், மாத்தளை வாக்காளரில் பெரும்பான்மையும் சேர்த்து. 2020 ஜூனில் 'ஒழுக்கமான சமூகம்' கட்ட ஒரு செயலணி வந்தது, அதில் படை, பொலிஸ் அதிகாரிகளே நிறைந்திருந்தார்கள். இரண்டு வருஷத்தில் டீசலுக்கும் காஸுக்கும் நாள்கணக்கில் வரிசை. 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே வெளியேறினார்.

அவருக்கு வாக்குப்போட்டவர்களை நான் குறைசொல்லவில்லை. நம்மில் பலரும் பார்க்கத் தவறியது இதுதான்: சீருடை என்பது ஒரு திரையுமாகும். தேசியப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் கணக்குக் கேட்க முடியாது. 2006இல் உக்ரேனிலிருந்து மிக்-27 விமானங்கள் வாங்கிய விதத்தைப் பற்றி அடுத்த வருஷம் 'சண்டே லீடர்' பத்திரிகை கேள்வி எழுப்பியது. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். கொலையாளி இன்னும் தண்டிக்கப்படவில்லை. கேள்வி கேட்க முடியாத இடத்தில் ஊழல் வசதியாகக் குடியிருக்கும், அங்கே இருப்பது காக்கியா வெள்ளை வேட்டியா என்று அது பார்ப்பதில்லை.

பொருளாதாரத்தைக் கவிழ்த்தவர்கள் யார் என்று கடைசியில் எழுத்தில் சொன்னது உயர் நீதிமன்றம். 2023 நவம்பர் 14 அன்று, நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், கோட்டாபய உட்பட ராஜபக்ஷ சகோதரர்கள் மூவரும் வேறு உயர் அதிகாரிகளும் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பு வந்தது. மனுப்போட்டவர்களில் ஒருவர் ஜூலியன் போலிங். அவர் ஒலிம்பிக்கில் நீந்தியவர். கூட நின்றது ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் இலங்கைக் கிளை. யாரும் யாரையும் குத்தவில்லை. கோப்புகளை அடுக்கி, திகதிகளைக் காட்டி வாதாடினார்கள்.

எங்கள் நாட்டில் இலஞ்சச் சட்டம் 1954இலிருந்தே இருக்கிறது, ஆணைக்குழு 1994இலிருந்து. 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல் நடைமுறையில். தனியார் துறை இலஞ்சமும், பாலியல் சலுகையைக் கூலியாகக் கேட்பதும் அதில் குற்றம். தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. பொய்யென்று தெரிந்தே ஒருவர்மீது முறைப்பாடு செய்தால் அதுவும் குற்றம். தலையாட்டியின் சாக்கை உருவும் விதி இது. இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிப்பதும் இதைத்தான்.

சட்டம் மெதுவாகத்தான் நகரும். பெரிய இடத்து வழக்குகள் தொழில்நுட்பக் காரணத்தால் விழுந்ததையும் பார்த்திருக்கிறோம். 2024இல் ஊழலை ஒழிப்பேன் என்று சொல்லி ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்க பிறந்த கலேவெல இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அன்று ஒடுக்கப்பட்ட ஜே.வி.பி.யிலிருந்து வந்தவர் என்பதற்காக அவரையும் இன்னொரு சேனாபதியாக்கிவிடக் கூடாது. அவருடைய அரசாங்கத்தின் கோப்புகளும் திறந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. 2016இன் தகவல் அறியும் சட்டத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். எந்தக் கந்தோரிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மேன்முறையீடு உண்டு என்றேன்.

"எனக்கு எழுதத் தெரியாதே தம்பி."

"வாயால சொல்லுங்கம்மா. அவங்கதான் எழுதணும். எழுதிட்டு, கிடைச்சதுன்னு துண்டும் தரணும்."

டிவியில் இன்னொருவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "அந்தத் துண்டுல சீல் இருக்குமா?" என்று கேட்டார்.