பெயர் நீங்கியது, சாதி நின்றது

ஆகஸ்ட் 15 நமக்கு இரட்டைத் திருநாள். அன்னை மரியாவின் விண்ணேற்பைக் கொண்டாடும் அதே நாளில் நாட்டின் விடுதலையையும் கொண்டாடுகிறோம். காலைத் திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் கொடியேற்றுவதும், பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்குவதும், பங்குத்தந்தை நான்கு வார்த்தை பேசுவதும் நம் பங்குகளின் வழக்கம். சென்ற ஆண்டு அந்த நான்கு வார்த்தை பேச எனக்கு நா எழவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் பங்கின் இளையோர் அவ்விழாவுக்காக விடுதலை வீரர்களின் உருவப்படங்களை வரைந்திருந்தார்கள். வீரபாண்டியக் கட்டபொம்மன், அவருடைய படைத்தளபதி சுந்தரலிங்கம், வேலுநாச்சியார், மருது சகோதரர்கள், வ.உ. சிதம்பரனார் எனத் தென்னாட்டின் முகங்களே அத்தனையும். விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். "மற்ற படங்கள் இருக்கட்டும் சாமி. அந்த ஒரு படம் மட்டும் வேண்டாம். வீணாகப் பிரச்சினை வரும்" என்றார்கள். எந்தப் படம் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்தே இருந்தது. மறுநாள் மாலை வேறு சிலர் வந்தார்கள். "அந்தப் படம் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் விழாவுக்கு வரமாட்டார்கள் சாமி" என்றார்கள்.

நான் என்ன செய்தேன்? எல்லாப் படங்களையும் எடுத்து வைக்கச் சொன்னேன். கொடி மட்டும் போதும் என்றேன். எவருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் விழா முடிந்தது என்று அன்றிரவு நிம்மதியாகவும் உறங்கினேன். மறுநாள் காலை, படம் வரைந்த பையன் வந்து, "சாமி, சுந்தரலிங்கம் படத்தை நான் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா?" என்று கேட்டான். சுருட்டிய தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் தெருவில் நடந்து போனதைப் பார்த்தபோதுதான் நான் செய்தது இன்னதென்று எனக்கு உறைத்தது. ஓர் அரசு 1997-இல் செய்ததையே நானும் என் சிறு எல்லைக்குள் செய்திருந்தேன்.

இளைய வாசகர்களுக்கு அந்த வரலாறு தெரியாதிருக்கலாம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் பல மாவட்டங்களும் தலைவர்களின் பெயர்களைத் தாங்கியிருந்தன. நெல்லைப் பகுதியில் கட்டபொம்மன் பெயரால் பேருந்துகள் ஓடின. தூத்துக்குடி மாவட்டம் சிதம்பரனார் மாவட்டமாக இருந்தது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. ஓட்டப்பிடாரத்தை அடுத்த கவர்னகிரியில், இன்று தேவேந்திரகுல வேளாளர் என அழைக்கப்படும் மக்களிடையே பிறந்தவர் அவர். 1799-இல் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கை அழிக்கும் முயற்சியில் தம் உயிரையே கொடுத்தார் என்று தென்பாண்டி நாட்டு மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் சிலர் கிளம்பினார்கள். மோதல்கள் மூண்டன. முடிவில் அரசு, சுந்தரலிங்கத்தின் பெயரை மட்டுமன்றி, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. கட்டபொம்மனும் போனார், சிதம்பரனாரும் போனார்.

அது சமத்துவமான தீர்வு என்று அன்று பலர் பாராட்டினார்கள். எவருடைய பெயரும் இல்லையென்றால் எவருக்கும் குறையில்லை அல்லவா? நானும் அப்போது அப்படியே எண்ணினேன். இன்று அதை மறுக்கிறேன். சுந்தரலிங்கத்துக்கு மரியாதை செய்வதைவிட எவருக்கும் மரியாதை செய்யாமலிருப்பது மேல் என்பதே அந்த முடிவின் உட்பொருள். தாழ்த்தப்பட்டவனோடு ஒரே பந்தியில் அமர்வதைவிட விருந்தையே நிறுத்திவிடுவது மேல் என்று ஒரு வீட்டார் முடிவு செய்தால் அதை நாம் சமத்துவம் என்போமா?

"உயிரைவிடப் பெயர் பெரிதா? கலவரத்தை நிறுத்த வேறு வழி என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வியை நான் எளிதாக ஒதுக்கவில்லை. உயிர்களைக் காப்பது ஆள்வோரின் முதற்கடமை. ஆனால் கல்லெறிபவனைத் தடுத்துக் கல்லடிபட்டவனைக் காப்பதே காவல். கல்லடிபட்டவனை அங்கிருந்து அகற்றிவிட்டு, இப்போது தெரு அமைதியாக இருக்கிறது என்று சொல்வது காவலாகாது. மேலும், அந்தப் பகை உண்மையில் ஒரு பெயரைப் பற்றியதுதானா? அதே 1997-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் என்ற தலித் பெருமகனும் அவருடன் வந்தவர்களும் பேருந்தை வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் அந்தப் பேருந்தின் மேல் யார் பெயர் எழுதியிருக்கிறது என்றா பார்த்தார்கள்? உள்ளே தலைவனாக ஒருவன் அமர்ந்திருக்கிறான் என்பதல்லவா அவர்களுக்குப் பொறுக்கவில்லை!

2022 குடியரசு நாளை நினைத்துப் பார்ப்போம். வேலுநாச்சியார், சிதம்பரனார், பாரதியார் ஆகியோரின் உருவங்களோடு அமைந்த தமிழ்நாட்டு அலங்கார ஊர்திக்கு டெல்லி அணிவகுப்பில் இடம் கிடைக்கவில்லை. தமிழகமே கொதித்தது. எங்கள் வீரர்களுக்கு நாட்டின் தலைநகரில் இடமில்லையா என்று கேட்டோம். அந்தக் கேள்வி நியாயமானதே. விடுதலைப் போரின் வரலாறு ஏதோ வடக்கே 1857-இல் தொடங்கியதைப் போல எழுதப்படுவதும், 1799-இல் கயத்தாற்றிலும் 1801-இல் திருப்பத்தூரிலும் நின்ற தூக்குமரங்கள் அடிக்குறிப்பாவதும் நம்மை வருத்துவது இயல்பே. ஆனால் டெல்லியைக் கேட்ட அதே கேள்வியை நம் தெரு நம்மைப் பார்த்துக் கேட்டால் என்ன விடை சொல்வோம்? நம் வீரர்களுக்கு அன்று ராஜபாதையில் இடம் கேட்ட நாம், அடுத்த தெருக்காரர்களின் வீரனுக்கு நம் ஆலய முற்றத்தில் இடம் கொடுத்தோமா?

அந்த வீரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையாவது நினைத்தோமா? கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. சிறைப்பட்டிருந்த அவருடைய தம்பி ஊமைத்துரை 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்தபின் அவர் அடைக்கலம் தேடிச் சென்றது மருது சகோதரர்களிடம். அவர் தெலுங்கு பேசும் பாளையக்கார மரபினர்; மருதுகளோ வேறு குலத்தார். ஓடிவந்தவன் எந்தச் சாதி என்று சிவகங்கைச் சீமை கேட்கவில்லை. வெள்ளையர் கேட்டபோது அவரை ஒப்படைக்கவும் இல்லை. அதற்காகப் போரை ஏற்று, சீமையை இழந்து, 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்குமரம் ஏறினார்கள் மருது சகோதரர்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூன் 16 அன்று, திருச்சியிலும் திருவரங்கத்திலும் சின்ன மருது ஒட்டச் செய்த அறிக்கை இந்நாட்டின் எல்லா வருணத்தாரையும் இசுலாமியரையும் ஒன்றாக அழைத்தது. அன்று எல்லாரையும் விளித்தவர்களுக்கு இன்று ஒரு சாதியார் மட்டும் மாலையிட வேண்டும் என்பது எத்தகைய முரண்!

அதன் விளைவையும் காண்கிறோம். தலைவர்களின் சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்தில் செப்டம்பரும் அக்டோபரும் வந்தால் தடை உத்தரவும் உடன் வருவது பல ஆண்டு வழக்கமாகிவிட்டது. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில், இமானுவேல் சேகரன் நினைவுநாளில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அடிமைத்தளையை அறுக்கப் போராடியவர்களை நினைவுகூர ஊரடங்கச் சட்டம் தேவைப்படுகிறது என்றால், எந்த விடுதலையை நாம் நினைவுகூர்கிறோம்?

இங்கே ஒரு மறுப்பை நேர்மையோடு ஏற்க வேண்டும். "எங்கள் வீரனை நாங்கள் மறந்திருந்தால் உலகமே மறந்திருக்கும். பாடநூல் எழுதியவர்கள் அவரை நினைத்தார்களா? நாங்கள் விழா எடுத்தால் மட்டும் சாதி விழா என்கிறீர்களே" என்று சுந்தரலிங்கத்தின் மக்கள் கேட்கலாம். அவர்கள் கேட்பது சரி. ஊரார் புறக்கணித்தபோது தம் வீட்டில் விளக்கேற்றி வைத்தவர்களை எவரும் குறைசொல்ல முடியாது. அந்த விளக்கைப் பொதுத் தெருவுக்கு வரவிடாமல் மறித்தவர்களையே குறைசொல்ல வேண்டும். இரு சாராரையும் ஒரே தராசில் வைத்து, "எல்லாருமே சாதி பார்க்கிறார்கள்" என்று பொதுவாகப் பேசித் தப்பித்துக்கொள்வது நம்மைப் போன்ற நடுநிலையாளர்களின் வசதியான பாவம். என் முற்றத்தில் நடந்ததும் அதுவே. ஒரு படத்தை எடுக்கச் சொன்னவர்களும், அதை எடுக்காதீர்கள் என்று சொன்னவர்களும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தார்கள்.

திருச்சபைக்கு இதில் கற்பிக்கும் தகுதி உண்டா? உண்டு, ஆனால் முதலில் நம் மார்பில் அறைந்துகொண்ட பிறகே. புனித தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்றது வடக்கன்குளத்தில். எல்லாச் சாதியாரோடும் உண்டு பழகியவர் அவர். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே வடக்கன்குளத்தில், அடுத்த நூற்றாண்டில் எழுந்த ஆலயத்துக்குள், இறைமக்களைச் சாதியால் பிரித்துச் சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த அந்தச் சுவர் போயிற்று. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இன்னும் சுவர்கள் நிற்கின்றன. நவம்பர் 2 அன்று நாம் மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருப்போரையும் பிரித்து வைத்திருக்கிறோம்.

ஆயினும் அதே தேவசகாயத்தின் வழியாகத் திருச்சபை ஒரு பாடத்தையும் தந்தது. 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு வழங்கி வந்த சாதிப் பெயரை உரோமை விட்டுவிட்டது. அதனால் மனம் வருந்தியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகப் புனிதர் பட்டமே வேண்டாம் என்று திருச்சபை முடிவு செய்யவில்லை. சாதியை நீக்கியது, பெயரைப் பீடத்தில் ஏற்றியது. 1997-இல் நடந்ததும் என் முற்றத்தில் நடந்ததும் இதற்கு நேர்மாறு. அங்கே சாதி நீங்கிப் பெயர் நின்றது. இங்கே பெயர் நீங்கிச் சாதி நின்றது.

நாம் நினைவின் மக்கள். தம் நினைவாகச் செய்யும்படி ஆண்டவர் கட்டளையிட்ட ஒரு செயலைச் சுற்றியே நம் வழிபாடு முழுவதும் அமைந்திருக்கிறது. அந்த நினைவு வெறும் பழங்கதையை எண்ணிப் பார்ப்பது அன்று. நினைக்கப்படும் மீட்பு நினைப்பவரை இன்று மாற்றுவது என்று இறையியல் நமக்குச் சொல்கிறது. அதனால்தான் கொரிந்து நகரச் சபையார் தனித்தனியே உண்டு, இல்லாதோரை நாணச் செய்தபோது, நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று பவுல் கடிந்துகொண்டார். அப்பம் இருந்தது, இரசம் இருந்தது, செபமும் இருந்திருக்கும். ஆயினும் அது நினைவாகவில்லை. இறைவாக்கினரின் கல்லறைகளை அழகுபடுத்திக்கொண்டே அவர்களைக் கொன்றோரின் வழியில் நடந்தவர்களை இயேசு கடிந்ததும் இதே காரணத்துக்காகத்தான். சிலைக்கு மாலையிடுவது எளிது. அந்தச் சிலைக்குரியவன் யாரோடு நின்று போரிட்டானோ அவனுடைய பேரப்பிள்ளைகளோடு நிற்பதுதான் கடினம்.

எனவே வரும் ஆகஸ்ட் 15 அன்று நம் முற்றத்தில் அத்தனை படங்களும் இருக்கும். அந்தப் பையனிடம் சொல்லி, வீட்டிலிருந்து சுந்தரலிங்கத்தின் படத்தைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டிருக்கிறேன். அதைக் கட்டபொம்மனின் பக்கத்திலேயே, தளபதி நிற்க வேண்டிய இடத்திலேயே வைப்போம். முன்பு வந்த பெரியவர்களின் இல்லங்களுக்கு நானே சென்று இதைச் சொல்லிவிட்டேன். ஒருவர் முகம் கொடுக்கவில்லை; ஒருவர் காப்பி கொடுத்துவிட்டு, "பார்க்கலாம் சாமி" என்றார். வருவார்களா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் வருந்துவேன், ஆனால் அதற்காகப் படத்தை எடுக்கமாட்டேன்.

இதை வாசிக்கும் பொதுநிலைச் சகோதர சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பங்கிலும் அன்று கொடியேறும். உங்கள் குலத்தில் பிறக்காத ஒரு வீரனுக்கு, உங்கள் கையால், உங்கள் பிள்ளைகள் பார்க்க ஒரு மாலை இடுங்கள். அப்படி இட முடியவில்லை என்றால், எதனால் முடியவில்லை என்பதை அன்று திருப்பலியில் காணிக்கையோடு பீடத்தின் முன் வையுங்கள். 1947-இல் நாடு பெற்ற விடுதலை இன்னும் வந்து சேராத இடம் எது என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.