ஜவ்வரிசி மாதிரி

சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறேன் என்றால், தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் உறவினர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அதில் என்ன ஆய்வு என்று கேட்டு, கடற்கரை மணலில் பிளாஸ்டிக்கை எண்ணுகிறேன் என்று நான் சொன்னதும் முகம் மாறிவிடும். “அதுக்குத்தான் துப்புரவு ஊழியர்கள் இருக்காங்களேம்மா” என்றார் பெரியப்பா. அம்மாவின் கேள்வி, இதற்கு வேலை கிடைக்குமா என்பது. பெரியப்பாவின் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது.

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. சிங்கப்பூரில் பதிவான கப்பல். அதில் ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணை இருந்தது. வாளி முதல் சாப்பாட்டுப் பெட்டி வரை எல்லாவற்றையும் இந்தக் குருணையை உருக்கித்தான் செய்கிறார்கள். நான் அப்போது உயர்நிலை நான்கு. தொலைக்காட்சியில் கரை முழுக்க வெள்ளை. “ஜவ்வரிசி கொட்டின மாதிரி இருக்கே” என்றார் அம்மா. அங்கே மீன்பிடிக்கத் தடை விதித்திருந்தார்கள்.

அன்று எனக்குள் எழுந்த கேள்வி எளிமையானது. இந்தக் கரையில் கப்பல் கொட்டியது எவ்வளவு, ஏற்கெனவே கிடந்தது எவ்வளவு? முன்கூட்டியே யாராவது எண்ணியிருந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். விபத்துக்குப் பிறகு ‘முன்பு’ என்ற கணக்கை எடுக்க வழியே இல்லை. அந்த ஆண்டு இறுதி விடுமுறையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அலை ஒதுக்கிய சருகைக் கிளறிப் பார்த்தேன். ஐந்தாறு குருணை கிடைத்தது. இங்கே எந்தக் கப்பலும் எரியவில்லை.

அந்தக் கரை காலையில் சுத்தமாக இருப்பதற்குக் காரணம், நாம் எழுவதற்குள் பாட்டிலையும் கயிற்றையும் அள்ளிவிடும் ஊழியர்கள்தான். குருணை அவர்களின் வாரியின் பற்களுக்கு இடையே நழுவிவிடும். 5 மில்லிமீட்டருக்குக் குறைவானதைத்தான் நான் தேடுகிறேன். மணலைக் காயவைத்து, உப்பு இனிமேலும் கரையாது என்ற அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் கலக்கினால், மணல் அடியில் தங்கும், பாலிஎத்திலீன் மிதக்கும். பிவிசி கனமானது, மிதக்காது. ஆகவே என் எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆய்வுக்கூட நாள்களில் பருத்திச் சட்டை மட்டுமே போடுவேன். பாலியஸ்டர் இழை உதிர்ந்து தட்டில் விழுந்தால் என் சட்டையையே எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஈஸ்ட் கோஸ்ட்டில் குப்பை அதிகமாக ஒதுங்கும். “எல்லாம் பக்கத்து நாட்டுக் குப்பை” என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பாட்டிலில் முகவரி இருக்கலாம். குருணையில் எந்த நாட்டு முத்திரையும் இல்லை. தினமும் இத்தனை கப்பல் வந்துபோகும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது வசதியான பதில், அவ்வளவுதான். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங்கில் கப்பல்கள் மோதி 400 டன் எண்ணெய் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று அது எண்ணெய்.

மணல் எடுக்கும்போது பழக்கமான ஊழியர் ஒருவர் கன்னியாகுமரிக்காரர். 2025 மே 25ஆம் தேதி கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது குருணை அவர் ஊர்ப் பக்கமும் ஒதுங்கியது. “ஊர்ல மூட்டை மூட்டையா அள்ளினாங்க தங்கச்சி, இன்னும் கிடக்கு. நீங்க எண்ணி என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். முன்பு எவ்வளவு கிடந்தது என்று எழுதி வைப்பேன் அண்ணே, என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முந்தின நாள் மழைக்குப் பிறகு குருணை அதிகம் சேர்ந்திருந்த இடத்தைக் காட்டினார். கால்வாய் வாய்க்கு அருகே. என் வரைபடத்தில் அந்த இடம் இல்லை. இந்த மாதத்திலிருந்து சேர்த்திருக்கிறேன்.