எரித்த சீட்டுக்கட்டு

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது, ஓர்ஸ் ஹில்லில் எம் இல்லத்து விறாந்தையில் அமர்ந்து மாணாக்கரின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பழைய மாணாக்கர் ஒருவர் வந்து வணங்கினார். இப்பொழுது நாற்பத்தைந்து வயதினர். கடல் கடந்து வாழ்பவர். நலம் உசாவிய பின் ஒரு சிறு பொட்டலத்தைத் தயங்கித் தயங்கி என் மேசைமீது வைத்தார். பிரித்தேன். உள்ளே ஒரு சீட்டுக்கட்டும் வண்ண விளிம்புடைய வட்ட வில்லைகள் இரண்டும் இருந்தன. சீட்டு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை!

"சேர், கோபிக்க வேண்டாம். இவற்றை வைத்துச் சூதாட முடியாது" என்றார்.

அவர் கூறியது மெய்யே. கசினோ எனப்படும் சூதாடு மனைகளில் ஒரு சீட்டுக்கட்டு சிறிது காலமே மேசையில் இருக்கும். பின்னர் அதனை வெளியே விடுமுன் நடுவில் துளையிடுவர், அல்லது மூலையை வெட்டுவர். எவரும் ஒரு சீட்டை மடியில் மறைத்து மீண்டும் ஆட்டத்துட் கொண்டுவராமைப் பொருட்டு. 'சிப்' எனப்படும் அவ்வில்லையோ பணத்துக்கு ஈடாக வைக்கும் பணயப் பொருள். அந்தந்த மனையின் பெயரும் குறியும் பொறிக்கப்பெற்றது. மனை மூடப்பட்டு, மாற்றித்தரும் தவணையும் கழிந்தால் அது செல்லாக்காசு. அதன் பின்னரும் சேகரிப்போர் அதனைத் தேடுகின்றனர். இத்தகையோர் அமெரிக்காவில் 1988இல் தமக்கென ஒரு சங்கமே நிறுவினர். சீட்டுக்களை ஆராய்வோரின் சர்வதேசச் சங்கம் அதனினும் மூத்தது, 1972இல் தோன்றியது. பெல்ஜியத்தின் தூர்ன்ஹவுட் நகரில் சீட்டுக்கென்றே ஓர் அரும்பொருட்காட்சிச்சாலை உண்டு.

இவற்றையெல்லாம் அவர் சொல்லக் கேட்டிருந்தேன். ஆயினும் என் மனம் அங்கில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், யான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவனாய் இருந்த காலத்தில், இதே மாணாக்கரின் புத்தகப் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டைப் பறித்தேன். வகுப்பின் முன் நிறுத்தி, திருக்குறளிற் சூது என்னும் அதிகாரத்தைப் பத்துப் பாட்டும் ஒப்புவிக்கச் செய்தேன். பின்னர்ப் பாடசாலைத் தோட்டத்தில் எரிந்துகொண்டிருந்த சருகுக் குவியலில் அக்கட்டை இட்டேன். பெருங்கடமை ஒன்றைச் செய்து முடித்தாற்போன்ற மனநிறைவோடு வீடு திரும்பினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அது எத்தகைய கட்டு என்பதை இப்பொழுதுதான் அறிந்தேன். அவருடைய பாட்டனார் இத்துறைமுகத்து ஆங்கிலக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். 1957இல் ஆங்கிலேயர் தளத்தை ஒப்படைத்துப் புறப்பட்டபோது மாலுமி ஒருவன் நினைவாகக் கொடுத்துச் சென்றதாம். 1990இல் குடும்பம் கையில் அகப்பட்டவற்றோடு இடம்பெயர்ந்தபோதும் அது உடன் சென்று மீண்டதாம். அத்தனையும் தப்பிய பொருள் ஒரு தமிழாசிரியன் கையிலிருந்து தப்பவில்லை.

"சேர், அதிலிருந்த இஸ்கோப்பன் ஆசு உங்களுக்கு நினைவிருக்கிறதா? அந்தப் படத்தைத்தான் எங்கும் தேடுகிறேன்" என்று வினவினார். எனக்கு நினைவில்லை. பார்க்காமலே எரித்தவனுக்கு நினைவு எங்ஙனம் இருக்கும்?

இஸ்கோப்பன் ஆசுக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் சீட்டுக்கு வரி இருந்தது. 1765 முதல் அந்த ஒரு சீட்டை மட்டும் அரசாங்கமே அச்சிட்டு, வரி பெற்றமைக்கு அடையாளமாக வழங்கிற்று. அதனைப் போலியாக அச்சிட்ட ரிச்சர்ட் ஹார்டிங் என்பவன் 1805இல் தூக்கிலிடப்பட்டான். அம்முறை 1862இல் நீங்கியது. வரி 1960 வரை நின்றது. எனினும் அச்சிடுவோர் பழைய வழக்கத்தை விடாமல், ஏனைச் சீட்டுக்களை எளிதாக விடுத்து இதனை மாத்திரம் கொடியும் பூவுமாக அலங்கரித்தனர். எனவே ஆசு ஒன்றைக் கொண்டே கட்டின் காலத்தையும் அச்சகத்தையும் பெரும்பாலும் உணரலாம். (ஆசு என்னும் சொல்லுக்குத் தமிழிற் குற்றம் என்பதும் பொருள். அது என்னைக் குறித்ததாகவே அன்றிரவு எனக்குப் பட்டது.)

இனி, இப்பெயர்களை நோக்குக. நம் பெரியோர் இஸ்கோப்பன் என்றது ஒல்லாந்தரின் ஸ்கோப்பன். ஆடுதன் என்றது அவர்தம் ஹார்ட்டன். களாவரை என்றது கிளாவர். சிங்களத்திலும் இஸ்கோப்ப, ஹாரத, களாபர என்றே இவை வழங்குகின்றன. நாம் துரும்பு என்பதை அவர்கள் துரும்பு என்றே சொல்லுகின்றனர். எதிலும் ஒத்துப்போகாதவை எனப்படும் இரு மொழிகள் சீட்டு மேசையில் ஒத்துப்போயின! கடதாசி என்பதோ போர்த்துக்கேயர் தந்தது. 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றியதோடு ஒல்லாந்தர் ஆட்சி இத்துறையில் முடிந்தது. கோட்டையை இழந்தவர்களின் சொற்கள் நம் திண்ணைகளில் இருநூறாண்டு தங்கின.

சொல் மட்டுமன்று, ஆட்டமும் அத்தகையதே. யாழ்ப்பாணத்தார் உயிரென விரும்பும் முந்நூற்று நான்கில் அரசனுக்கு மூன்று, அரசிக்கு இரண்டு. ஏவலாளாகிய ஜாக்கிக்கோ முப்பது. ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து. கூட்டினால் ஒரு சாதிக்கு எழுபத்தாறு. நான்குக்கும் முந்நூற்று நான்கு. ஒல்லாந்தின் கிளாவர்யாஸ் என்னும் ஆட்டத்திலும் துரும்பின் ஜாக்கியும் ஒன்பதுமே மேலானவை. இரண்டும் ஒரே குடும்பத்தன என ஆராய்வோர் கருதுவர். அரசனை ஏவலாள் வெல்லும் ஆட்டத்தை நம்மவர் இத்துணை விரும்பியது ஏன் என்பது வேறொரு கட்டுரைக்குரியது.

சூதைப் பழித்த வள்ளுவரை மறந்தீரோ எனப் பண்டித நண்பர்கள் கேட்பார்கள். மறக்கவில்லை. கழகம் என்னும் சொல்லை அவர் சூதாடும் களத்துக்கே அவ்வதிகாரத்தில் வழங்குகிறார். நாமோ அதே சொல்லைக் கற்றோர் அவைக்கு ஏற்றிப் பல்கலைக்கழகம் என்கிறோம், நாணுகின்றோமில்லை. கொழும்புக் கசினோக்களில் வீடும் நகையும் தோற்றவர் கதையை நான் சிறிதும் இலேசாகக் கருதவில்லை. சூதை விலக்குவது வேறு, சூது விட்டுச்சென்ற தடயத்தை அழிப்பது வேறு. துளையிட்ட சீட்டு எவரையும் கெடுக்காது. நாணயத்தையும் முத்திரையையும் சேர்க்கும் மாணாக்கனைப் பாராட்டும் ஆசிரியர், சீட்டும் வில்லையும் சேர்ப்பவனை ஐயுறுவது பழக்கத்தால் வந்த வெறுப்பேயன்றி அறத்தால் வந்ததன்று. என்னிடம் இருந்ததும் அதுவே.

இன்னொன்றும் உளது. பொருளைச் சேர்ப்போர் பலர். அதன் பெயரைச் சேர்ப்போர் அரியர். என் மாணாக்கரிடம் நானூற்றுக்கு மேற்பட்ட கட்டுக்கள் உள்ளனவாம். ஆயினும் அவர்தம் பிள்ளைகள் ஆடுதன் என்றால் அறியார். இங்குள்ள பிள்ளைகளும் ஹார்ட்ஸ் என்றே சொல்லுகின்றனர்.

மறுநாளே எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். மாலைதோறும் இம்மலைமேல் உள்ள முதியோரிடம் சென்று, சீட்டின் பெயர்களையும் ஆட்டத்தில் வழங்கும் சொற்களையும் கேட்டு எழுதுகிறேன். பண்டிதர் சீட்டுக் கற்கப் புறப்பட்டார் என்று சிரிக்கின்றனர். சிரித்தபடியே சொல்லவும் செய்கின்றனர். இதுவரை பதினான்கு பக்கம் நிரம்பியுள்ளது. பிற ஊர்களில் வழங்குவனவற்றை அறிந்த அன்பர்கள் எழுதியனுப்பின் அவற்றையும் சேர்ப்பேன். மாணாக்கர் மீண்டும் மார்கழியில் வருகிறார். அவரிடம் கொடுப்பதற்கு என்னிடம் வேறெதுவும் இல்லை.