பங்கு பிரியாத அதிகாரம்

கணினிக்குள் நுழைபவர் யார் என்பதும், நுழைந்தபின் அவர் எதையெல்லாம் தொடலாம் என்பதும் இரு வேறு கேள்விகள். முதல் கேள்விக்குக் கடவுச்சொல் விடை தருகிறது. இரண்டாவதற்கு விடை தரும் ஏற்பாடே அனுமதி முறை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும் 1969-இல் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தில் நிலைபெற்ற அனுமதி முறை, இன்றைய லினக்ஸ் சேவையகங்களிலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடித்தளத்திலும் பெரிதும் உருமாறாமல் இயங்கி வருகிறது.

அம்முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், அவருடைய குழுவினர், ஏனையோர் என மூன்று வகையினர் உண்டு. படிக்க 4, எழுத 2, நிரலாக இயக்க 1 என்று மதிப்பிட்டுக் கூட்டினால் ஒவ்வொரு வகையினருக்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். 640 என்று குறிக்கப்பட்ட கோப்பை உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், மற்றவர்களுக்கு அது எட்டாக்கனி. 777 என்றால் எல்லோருக்கும் எல்லாம். ஏதேனும் ஒரு நிரல் ஓட மறுக்கும்போது காரணம் தேடச் சோம்பி இந்த எண்ணைத் தட்டிவிடுவது, சாவி கிடைக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும் என்றாலும், அனுபவம் மிக்கவர்களும் அவசரத்தில் செய்யும் காரியம் அது.

இவ்வளவு நுட்பமாகப் பகுக்கப்பட்ட முறை, ரூட் எனப்படும் தலைமைப் பயனரிடம் வந்ததும் பகுப்பைக் கைவிட்டுவிடுகிறது. 0 என்னும் அடையாள எண் கொண்ட அந்தப் பயனருக்கு மேற்சொன்ன இலக்கங்கள் தடையாவதில்லை. சாதாரணப் பயனர், சர்வ வல்லமை படைத்தவர் என்ற இரண்டுக்கும் நடுவே படி எதுவும் இல்லை. விளைவாக எழுந்த சிக்கலுக்குக் கடவுச்சொல் மாற்றமே நல்ல சான்று: கடவுச்சொற்கள் உள்ள கோப்பில் ரூட் மட்டுமே எழுதலாம், ஆனால் தம் கடவுச்சொல்லை மாற்றும் தேவை எல்லாப் பயனருக்கும் உண்டு. ரிட்சி கண்ட தீர்வு செட்யூஐடி எனப்படும் ஒற்றை பிட். அது இடப்பட்ட நிரல், தன்னை இயக்குபவரின் அதிகாரத்தோடு அல்லாமல் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். 1979-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இந்த உத்தி அழகானதுதான். எனினும் சிறு வேலை ஒன்றுக்காக முழு அதிகாரத்தையும் இரவல் கொடுப்பது அது என்பதால், அத்தகைய நிரலில் உள்ள ஒரு பிழை கணினி முழுவதையும் அந்நியர் கையில் ஒப்படைத்துவிடக்கூடும். மற்றொரு கணினி விழித்திருக்கிறதா என்று குரல் கொடுத்துப் பார்க்கும் பிங் என்னும் எளிய நிரல்கூட நெடுங்காலம் ரூட்டின் முழு அதிகாரத்தோடுதான் ஓடியது.

இது தவறு என்பதை அறியாமல் எவரும் இருக்கவில்லை. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, ஒரு வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு துளி அதிகாரமும் தரலாகாது என்னும் குறைந்தபட்ச அதிகாரக் கோட்பாடு தெளிவாக வகுக்கப்பட்டது. வங்கி லாக்கர் வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும் என்பதைப் போல, முக்கியமான செயல் ஒருவர் கையில் மட்டும் இருக்கலாகாது என்பதும் அவர்கள் வகுத்த எட்டுக் கோட்பாடுகளுள் ஒன்று.

1999-இல் வெளிவந்த லினக்ஸ் 2.2, ரூட்டின் அதிகாரத்தைக் கேப்பபிலிட்டி எனப்படும் துண்டுகளாகப் பிரிக்கத் தொடங்கியது. துண்டுகளின் எண்ணிக்கை இன்று 40-ஐத் தாண்டிவிட்டது, பிங் நிரலுக்கு அவற்றுள் ஒன்றே போதும். ஆனால் பாகப்பிரிவினையில் எந்தப் பங்கிலும் சேராத பொருள்களைப் போட்டுவைக்க ஓர் அறை தேவைப்படுவதுபோல, சிஸ்_அட்மின் என்ற துண்டு மட்டும் வீங்கிக்கொண்டே போயிற்று. வட்டுகளை இணைப்பதும் கணினியின் பெயரை மாற்றுவதும் அதன்கீழ் வந்தன. புதிய வசதி ஒன்றை எழுதியவர்கள் எந்தத் துண்டில் சேர்ப்பது என்று புலப்படாதபோதெல்லாம் அதிலேயே சேர்த்தார்கள். ரூட்டைப் பிரிக்கப் பிறந்த அந்தத் துண்டுக்கு லினக்ஸ் உலகில் இன்று வழங்கும் பட்டப்பெயர் 'புதிய ரூட்'.