சத்தம் இல்லாத வண்டியைக் கத்த வைக்காதே



என் தங்கை மகன் சூப்பர் மீட்டியோர் 650 வாங்கியிருக்கிறான். முதல் வேலையாக சைலன்சரை மாற்றப் போகிறானாம். "புல்லட் கம்பெனி வண்டின்னா சத்தம் வேணும் மாமா" என்கிறான். பல வருஷம் புல்லட் ஓட்டியவன் என்பதால் நான் தலையாட்டுவேன் என்று நினைத்துவிட்டான்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து திருவொற்றியூரில் தொடங்கிய கதை இது. 1986-ல் நான் வாங்கிய பழைய புல்லட்டில் கியர் வலது கால், பிரேக் இடது கால். ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். ஒருநாள் சக ஆசிரியரின் வேறு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். நெல்லித்தோப்பில் பிரேக் என்று நினைத்து இடது காலை மிதித்தேன். அங்கே இருந்தது கியர். முன்னால் போன ரிக்‌ஷாவில் மோதினேன். அவருக்கு ஒன்றும் இல்லை. என் முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிறகு கியரும் பிரேக்கும் எல்லா வண்டிகளையும் போல இடம் மாறின. 2002-ல் தண்டர்பேர்டு வந்தது. காலை நீட்டி, முதுகு நிமிர்ந்து நெடுந்தூரம் போக ஏற்ற வண்டி. 2020-ல் அதன் இடத்துக்கு மீட்டியோர் 350 வந்தபோது, அதிர்வைக் குறைக்க இன்ஜினுக்குள்ளேயே ஒரு பேலன்சர் வைத்தார்கள், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் கொடுத்தார்கள். 2023-ல் வந்த இவன் வண்டிக்கு இரண்டு சிலிண்டர், எடை 241 கிலோ. பார்க்க பயில்வான், ஆனால் நடை சாது.

இத்தனை வருஷம் பொறியாளர்கள் உட்கார்ந்து அதிர்வையும் ஆபத்தையும் குறைத்ததை, மெக்கானிக் கடையில் ஒரு மணி நேரத்தில் கெடுப்பதில் என்ன வீரம்? சட்டப்படியும் தப்பு. சனி, ஞாயிறு ராத்திரிகளில் எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் அப்படிப்பட்ட வண்டிகள் போகும்போது, 88 வயது அம்மா திடுக்கிட்டு எழுந்து, "எந்த வீடுடா இடிஞ்சுது?" என்று கேட்கிறார். பிறகு விடியும்வரை தூக்கம் கிடையாது. அவருக்குப் பக்கத்தில் நானும் விழித்திருக்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாட்டிக்கு இப்படி ஆகுதுன்னு தெரியாது மாமா" என்றான். மாற்றமாட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறான். காலாப்பட்டு வரை என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகிறானாம். ஹெல்மெட் இரண்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.