மேப்பை நம்பி ஆற்றில் பாய்ந்த கார்கள்! கருவி வாங்குவோர் யோசிப்பார்களா?

உத்தரப்பிரதேச மாநிலம் பரேலி பக்கம் 2024-ம் ஆண்டு நவம்பரில் ஒரு கார் ராமகங்கா ஆற்றில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 3 பேரும் பலி! வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோன பாலம் அது. குறுக்கே தடுப்பு இல்லை. வழி காட்டிய மேப்புக்கும் அந்த விஷயம் தெரியாது.

அதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 2023 அக்டோபர் 1-ந் தேதி, கொச்சி பக்கம் கொட்டும் மழையில் மேப்பைப் பார்த்து வந்த கார், ரோடு முடிவது தெரியாமல் பெரியாற்றில் பாய்ந்தது. 2 இளம் டாக்டர்கள் உயிர் இழந்தனர்.

நம் பக்கத்திலும் நடந்தது. 2024 ஜனவரியில் ஊட்டியில் இருந்து கர்நாடகம் திரும்பிய கார், கூடலூரில் மேப் காட்டிய குறுக்கு வழியில் போய்ப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டது. போலீசாரும் ஊர் மக்களும் சேர்ந்து மீட்டார்கள்.

சாட்டிலைட் மேல் பழி

'சாட்டிலைட் ஏமாத்திடுச்சு' என்கிறார்கள். பாவம், சாட்டிலைட் என்ன செய்யும்? ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் சுமார் 20 ஆயிரத்து 200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் 4-ன் சிக்னல் கிடைத்தால் வண்டி நிற்கும் இடத்தைக் கருவி கணக்குப் போட்டுவிடும். அவ்வளவுதான். எதிரே இருப்பது ரோடா, ஆறா, படிக்கட்டா என்று சொல்ல வேண்டியது மேப். அது பழசாக இருந்தால் போச்சு!

கடைக்குப் போகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? 'ஸ்கிரீன் எத்தனை இஞ்ச்? விலையில எவ்வளவு குறைப்பீங்க?' முதலில் கேட்க வேண்டியது வேறு. 'மேப்பை எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுத் தருவீங்க? அதுக்குத் தனியா காசா?'

டவர் இல்லாத இடம்

செல்போன் இருக்கத் தனிக் கருவி எதற்கு? நியாயமான கேள்வி. தி.நகர், பாரிமுனை என்று ஊருக்குள் சுற்றுகிறவருக்கு செல்போனே போதும். டிராபிக் நிலவரமும் அதில் தெரியும்.

ஆனால் மலைப்பாதையில் டவர் போய்விட்டால் செல்போனில் புதிதாக மேப் வராது. சாட்டிலைட் சிக்னலுக்கு டவர் தேவை இல்லை. மேப் உள்ளேயே பதிந்திருந்தால் வேலை நடக்கும். அதனால் தினமும் வெளியூர் வண்டி ஓட்டுகிறவருக்குத் தனிக் கருவி பிரயோஜனம். எப்போதோ ஒரு முறை ஊருக்குப் போகிறவர் கிளம்பும் முன்பே மேப்பை செல்போனில் இறக்கி வைத்துக்கொண்டால் காசு மிச்சம்.

லாரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கார் மேப்புக்கு ரெயில்வே பாலத்தின் உயரம் பற்றிக் கவலை கிடையாது. வண்டியின் உயரம், எடையைப் பதிய வசதி உள்ள கருவியாகக் கேட்டு வாங்குங்கள்.

கண் ரோட்டில் இருக்கட்டும்

வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல் செல்போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதி இடம் தருகிறது. அதற்காக மடியில் வைத்துக் குனிந்து பார்க்கலாமா? கருவியோ செல்போனோ, கெட்டியான ஸ்டாண்டு வேண்டும். தமிழில் சத்தமாக வழி சொல்கிறதா என்று கடையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். காது கேட்டால் போதும், கண் ரோட்டைப் பார்க்கும்.

இடிந்த பாலத்துக்குத் தடுப்பு வைக்காத அதிகாரிகளைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் வைக்கும் வரை உயிர் நம்முடையது. ராத்திரி, மழை, ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு... அங்கே போகச் சொல்லிக் கருவி கூப்பிட்டால் வண்டியை ஓரம் கட்டுங்கள். 'அண்ணே, இந்த வழியா போகலாமா?' என்று டீக்கடையில் கேட்பதில் என்ன கவுரவக் குறைச்சல்?